காரைக்குடியில் ஜாமீன் சொல்ல ஆள் இல்லாத மாணவர்கள் வீடு பிடிப்பது எப்படி?

காரைக்குடியில் வீடு கேட்டுப் போகும் மாணவரிடம் வாடகைப் பேச்சுக்கு முன்பே ஒரு கேள்வி வந்துவிடும்: “தம்பி எந்த ஊரு? யாரு சொல்லி வந்தீக?” இந்த ‘யாரு’தான் இங்கே ஜாமீன்தாரர். பத்திரத்தில் அவர் கையெழுத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் நாளைக்கு ஒன்று என்றால் கூப்பிட்டு விசாரிக்க உள்ளூரில் ஒரு முகம் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் எதிர்பார்க்கிறார். அழகப்பா பல்கலைக்கழகம், அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி, சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) என்று வெளியூரிலிருந்து வந்து சேர்கிற பலருக்கு அப்படி ஒரு முகம் கிடையாது. அது இல்லாமலும் வீடு பிடிக்கலாம். அதற்கு வீட்டுக்காரர் எதற்குப் பயப்படுகிறார் என்பது முதலில் தெரிய வேண்டும்.

அவருடைய பயம் மூன்று. ஏப்ரலில் தேர்வு முடிந்து ஊருக்குப் போனவர்கள் மே, ஜூன் வாடகையைத் தராமல் இழுத்தடிப்பார்கள் என்பது ஒன்று. மூன்று பேர் என்று சொல்லிக் குடியேறிய இடத்தில் ஏழு பேர் படுத்திருப்பார்கள், தண்ணீர்த் தொட்டி காலை எட்டு மணிக்கே காலியாகிவிடும் என்பது இரண்டாவது. மூன்றாவது, வீடு தேவைப்படும்போது காலி செய்ய மாட்டார்கள் என்பது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற உரிமையாளர் படைப்புக்கோ (முன்னோருக்குப் படையல் போடும் குடும்ப வழிபாடு) கல்யாணத்துக்கோ ஊர் வரும்போது தன் வீட்டிலேயே தங்க இடமில்லாமல் போய்விடக் கூடாதே என்கிற கவலை இங்கே நிஜமானது. ஜாமீன்தாரர் இந்த மூன்றுக்கும் வாய்வார்த்தையாகப் பொறுப்பேற்பவர். அந்த வேலையை நீங்கள் காகிதத்தாலும் காசாலும் செய்துகாட்ட வேண்டும்.

வீடு தேடும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கோப்பு போட்டுக்கொள்ளுங்கள். குடியேறப்போகிற ஒவ்வொருவருக்கும் கல்லூரி தருகிற போனஃபைடு சான்றிதழ், கல்லூரி அடையாள அட்டை நகல், ஆதார் நகல் (கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரே போதும், நகலின் மேல் ‘வாடகை வீட்டுக்காக மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள்), பெற்றோரின் பெயர், ஊர், தொலைபேசி எண். துறைத் தலைவரிடம், “இவர் எங்கள் துறையில் இன்ன ஆண்டு வரை படிக்கிறார்” என்று இரண்டு வரிக் கடிதம் கேட்டுப் பாருங்கள். பல துறைகளில் தருவார்கள். வாடகைக்குப் பொறுப்பேற்கும் வரி எதையும் அதில் கேட்காதீர்கள். கேட்டால் கடிதமே கிடைக்காது.

ஆராய்ச்சி மாணவர்கள் ஃபெல்லோஷிப் ஆணையின் நகலை வைக்கலாம். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி ஃபெல்லோஷிப்) தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். வாடகை தாங்கும் வருமானம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல தாள் இல்லை. ஆனால் அந்தப் பணம் மாதாமாதம் வராமல் சேர்ந்தாற்போல் வரும் வழக்கமும் உண்டு. ஆகவே மூன்று மாத வாடகை கையிருப்பு இல்லாமல் தனி வீட்டில் இறங்க வேண்டாம்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் வாடகைதாரர் சரிபார்ப்புக்குக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கும் வசதி இருக்கிறது. “வேண்டுமானால் போலீஸ் வெரிஃபிகேஷனும் செய்துகொள்ளுங்கள், செலவை நாங்கள் தருகிறோம்” என்று நீங்களே முன்வந்து சொன்னால், பாதிப் பேர் அதைச் செய்யாமலேயே திருப்தியாகிவிடுவார்கள்.

முதலாமாண்டு மாணவர் பலருக்கு 18 வயது நிறைந்திருக்காது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 நிறையாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. அவருக்காகத் தந்தையோ தாயோ கையெழுத்திட வேண்டும். உண்மையில் முதல் பருவம் விடுதியில் இருந்துவிட்டு, ஊரும் ஆளும் பழகிய பிறகு வீடு தேடுவதே நல்லது. ஐந்து மாதத்தில் உங்களைத் தெரிந்த தேநீர்க் கடைக்காரரும் மெஸ்காரரும் கிடைத்துவிடுவார்கள். இந்த ஊரில் அது பாதி ஜாமீன்.

பணக்கணக்கு

கணக்குக்காக மாத வாடகை 9,000 ரூபாய், நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் மூன்று மாதம் 27,000, முதல் மாத வாடகை 9,000, தரகர் வழியாகப் போனால் அவருக்கு ஒரு மாத வாடகை 9,000. மொத்தம் 45,000, தலைக்கு 11,250. இது போக அடுப்பு, சிலிண்டர், வாளி, பூட்டுக்கு ஆளுக்கு 2,000 ஒதுக்குங்கள். சிலிண்டருக்கு முகவரிச் சான்று இல்லையே என்று தவிக்க வேண்டாம். 5 கிலோ சின்ன சிலிண்டரை அடையாளச் சான்று மட்டும் காட்டி வாங்கலாம்.

ஜாமீன் இல்லை என்பதற்காகக் கூடுதல் அட்வான்ஸ் கேட்பார்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பது தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ‘வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் தவிர’ என்று அதே பிரிவில் ஒரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. எனவே சட்டத்தைக் காட்டி வாதாடுவதைவிட வேறொரு வழி நன்றாக எடுபடும். கூடுதல் அட்வான்ஸுக்குப் பதில் முன்வாடகை தருவதாகச் சொல்லுங்கள். “ஆறு மாத அட்வான்ஸ் வேண்டாங்க. மூன்று மாதம் அட்வான்ஸ் தருகிறோம், மே, ஜூன் வாடகையை மார்ச்சிலேயே கட்டிவிடுகிறோம்.” இது அவருடைய முதல் பயத்தை நேரே தீர்க்கிறது. உங்களுக்கும் லாபம்: முன்வாடகை தானாகக் கழிந்துபோகும், அட்வான்ஸைப் போல் திருப்பி வாங்க அலைய வேண்டியதில்லை.

‘ஒத்திக்கு’ என்ற பலகையையும் பார்ப்பீர்கள். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, போகும்போது முழுத் தொகையும் திரும்பும் என்பது ஏற்பாடு. கேட்க இனிக்கும். அது சட்டப்படி அடமானம். பதிவு செய்யாத ஒத்திப் பத்திரத்துக்கு வலு இல்லை. வீட்டின் மேல் ஏற்கெனவே வங்கிக் கடன் இருந்தால் உங்கள் பணம் கடைசி வரிசையில்தான் நிற்கும். படிக்க வந்தவர்கள் ஒத்தி பக்கமே போக வேண்டாம்.

எப்போது, எங்கே தேடுவது

ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை வீடு மாற்றம் அநேகமாக நின்றுபோகும். பொறியியல் கலந்தாய்வு முடிந்து மாணவர்கள் வந்து இறங்குவதும் அதை ஒட்டித்தான். ஆனி மாதத்திலேயே வீட்டைப் பேசி, ஒரு நல்ல நாளில் பாலை மட்டும் காய்ச்சிவிட்டு, சாமானை அப்புறம் கொண்டுவரலாம் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆடி பார்க்காத வீட்டுக்காரர்களும் உண்டு. அந்த மாதத்தில் போட்டி குறைவு என்பதால் வாடகையில் ஐநூறு குறைத்துக் கேட்கவும் முடியும். மார்கழியும் இதே கதைதான்.

கல்லூரிச் சாலை, அழகப்பாபுரம், செக்காலை, சுப்பிரமணியபுரம், கழனிவாசல் பக்கங்களில் மாணவருக்கு விட்டுப் பழகிய வீடுகள் கிடைக்கும். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் வாடகை இறங்கும், ஆனால் இரவு கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்ட பிறகே முடிவெடுங்கள். இணையத்தில் தேடுவதைவிட மாலை நான்கு மணிக்குத் தெருவில் நடப்பது பலன் தரும். துணி தேய்க்கிறவர், மளிகைக்கடைக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர் ஆகிய மூவருக்கும் எந்த மாடி காலியாகிறது என்பது தரகருக்கு முன்பே தெரியும்.

எல்லாவற்றிலும் மேலான வழி, படிப்பை முடித்துப் போகிற சீனியர்களின் வீட்டை அப்படியே எடுத்துக்கொள்வது. மார்ச் மாதமே துறையில் விசாரியுங்கள். இரண்டு வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்தவர், “இவுக நம்ம பசங்கதான்” என்று ஒரு வார்த்தை சொன்னால் ஜாமீன் கேள்வியே எழாது. இதில் ஒரு குழி உண்டு. சீனியர், “என் அட்வான்ஸை நீங்கள் என்னிடம் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்காரர் உங்களுக்குத் திருப்பித் தருவார்” என்பார். கொடுத்துவிட்டு, ஆண்டு முடிவில் கேட்டால், “உங்கிட்ட நான் எப்ப வாங்கினேன்?” என்பார் வீட்டுக்காரர். சீனியருக்கு வீட்டுக்காரர் திருப்பிக் கொடுக்கட்டும்; நீங்கள் வீட்டுக்காரரிடம் நேரே கொடுங்கள். அவரிடம் ரொக்கம் இல்லை, மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ‘இன்னாருடைய அட்வான்ஸ் இன்னாருக்கு மாற்றப்பட்டது’ என்று அவர் கையெழுத்தோடு வாங்கிய பிறகு பணத்தை எடுங்கள்.

“நான் ராணுவத்தில் இருக்கேன், கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி டோக்கன் போடுங்க, சாவி கூரியரில் வரும்” என்று வருகிற அழைப்புகள் மோசடி. வீட்டுக்குள் கால் வைக்கும் முன் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

வீட்டுக்காரரிடம் பேசும்போது

முதல் தடவை இரண்டு பேர் போனால் போதும். நான்கைந்து பேராகப் போய் வாசலில் நின்றால் பார்த்தவுடனேயே “குடும்பத்துக்குத்தான் விடுறோம்” என்று பதில் வரும். வயதான அம்மா என்றால், நகரத்தார் வீடு என்று தெரிந்தால் ஆச்சி என்றும், தெரியாவிட்டால் அம்மா என்றும் கூப்பிடலாம். பெரியவரை ஐயா என்பது எங்கும் பொருந்தும்.

“யாரு சொல்லி வந்தீக?” என்றதும் தயங்கி நிற்க வேண்டாம். “ஊருக்குப் புதுசுங்கய்யா, இங்கே தெரிஞ்சவுங்க யாரும் இல்ல. இந்தாங்க காலேஜ் லெட்டர், இது எங்க அப்பா நம்பர், இப்பவே பேசுறீங்களா?” என்று கோப்பை நீட்டுங்கள். அங்கேயே அப்பாவையோ அம்மாவையோ அழைத்துக் கொடுப்பது பல கதவுகளைத் திறக்கும். ஒப்பந்தம் போடும் நாளில் ஒருவருடைய பெற்றோராவது நேரில் வந்தால் இன்னும் நல்லது. கறி சமைப்பீர்களா, இரவு எத்தனை மணிக்கு வருவீர்கள், தோழர்கள் தங்குவார்களா என்று கேட்பார்கள். இதில் பொய் சொல்லி உள்ளே போனால் மூன்றாம் வாரமே முறுகல் தொடங்கிவிடும். “என்ன ஆளுக?” என்ற கேள்வியும் சில இடங்களில் வரும். பதில் சொல்லக் கடமையில்லை. அதை அளவுகோலாக வைத்திருக்கிற வீட்டில் இரண்டு வருடம் நிம்மதியாக இருக்க முடியாது என்பதால், எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடுங்கள்.

யாரையாவது பிடித்து ஜாமீன் கையெழுத்துப் போட வைக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். வேறுவிதமாக எழுதாத வரையில், ஜாமீன்தாரர் உங்கள் பாக்கி முழுவதற்கும் உங்களைப் போலவே பொறுப்பாளி. மெஸ் நடத்துகிறவரையோ ஆய்வக உதவியாளரையோ, “சும்மா ஒரு கையெழுத்துண்ணே” என்று இழுத்துவிடுவது தவறு.

வீட்டைப் பார்க்கும்போது

புதிய மாடி போர்ஷன் என்றால் பார்க்க வேண்டியது தண்ணீரும் மின்சாரமும்தான். மின்மீட்டர் உங்கள் போர்ஷனுக்குத் தனி இணைப்பா, வீட்டுக்காரர் வைத்த துணை மீட்டரா என்று கேளுங்கள். தனி வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மூன்று போர்ஷனும் ஒரே இணைப்பில் தொங்கினால் அந்த 100 யூனிட் ஒரே ஒரு தடவைதான். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் பட்டியலே மாறி, கீழ்ப்படிகளுக்கான மலிவு விகிதமும் போய்விடும். “யூனிட்டுக்கு இவ்வளவு” என்று வீட்டுக்காரர் ஏன் கூடுதலாகக் கேட்கிறார் என்பதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி லாபம். பொது மோட்டாருக்கான மின்சாரத்தை யார் கட்டுவது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

செட்டிநாட்டுப் பழைய வீட்டின் ஒரு பகுதி வாடகைக்கு வந்தால் கதையே வேறு. அந்த வீடு ஒருவருடையதாக இருக்காது. பங்காளிகள் ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு இருக்கும். வளவை, அதாவது உள்முற்றத்தை, சுற்றிய அறைகள் ஆளுக்கொன்றாகவும், முகப்பும் வளவும் பொதுவாகவும் இருக்கும். ஒரு பங்காளி விட்டதை இன்னொருவர் வந்து, “யாரைக் கேட்டு விட்டீக?” என்று சண்டைக்கு இழுத்தால் நடுவில் மாட்டுவது நீங்கள். எந்தெந்த அறை, எந்த வாசல் வழி, கழிவறை எது, கிணறும் பின்கட்டும் உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிற காவல்காரருக்கு வாடகைக்கு விடும் உரிமை கிடையாது. உரிமையாளரிடம் வீடியோ அழைப்பில் பேசாமல் அவர் கையில் அட்வான்ஸ் கொடுத்தால் அது போனதுதான்.

அப்படிப்பட்ட வீட்டில் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பழைய சுண்ணாம்புப் பூச்சு பாளமாகப் பெயரும். அதே மாதிரி பூசித் தர இன்று கொத்தனார் கிடைப்பது அரிது, செலவு உங்கள் அட்வான்ஸில் விழும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. அது சிமெண்ட்டும் நிறப்பொடியும் சேர்த்து வார்த்த கல்; ஆசிட் மேல்பளபளப்பை அரித்துவிடும். இரும்புக் கட்டில் காலுக்கு ரப்பர் போடுங்கள். ஓட்டுக்கூரை என்றால் சுவரின் மேல்பாதியில் பழுப்புக் கறை வழிந்திருக்கிறதா பாருங்கள். ஐப்பசியில் உங்கள் புத்தகம் நனையுமா என்பதை அந்தக் கறை இப்போதே சொல்லும். தடித்த சுவருக்குள் கைப்பேசி சிக்னல் வருகிறதா என்பதையும் உள்ளறையில் நின்று சோதியுங்கள்.

உரிமையைச் சரிபார்த்தல்

வீட்டு வரி ரசீது, மின் இணைப்பின் பெயர், வாடகை போய்ச் சேரும் வங்கிக் கணக்கின் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். காரைக்குடி 2024-ல்தான் மாநகராட்சியானது. பழைய ரசீதில் நகராட்சி என்று இருந்தால் அதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். பெயர் வேறாக இருந்தால், இறந்துபோன அப்பா பெயரா, பங்காளி பெயரா என்று நேராகவே கேளுங்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருந்து உறவினர் கையெழுத்திடுகிறார் என்றால் அதிகாரப் பத்திர நகல் வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம்.

ஒப்பந்தம்

வாய்ப்பேச்சு போதும் என்பார்கள். போதாது. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும். இதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததையே உங்களைக் காலி செய்யக் கோரும் காரணமாக வீட்டுக்காரர் காட்டலாம். பதினொரு மாதம் என்று எழுதினால் இதெல்லாம் தேவையில்லை என்ற பழைய நம்பிக்கை இப்போது செல்லாது. வீட்டு வாடகைப் படி கோருகிற ஆராய்ச்சி மாணவருக்கு ஒப்பந்தமும் ரசீதும் எப்படியும் தேவைப்படும்.

நான்கு பேர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால், மற்ற மூவர் நடுவில் போனாலும் முழு வாடகையும் அவர் தலையில். நால்வரும் கையெழுத்திட்டாலும், வேறுவிதமாக எழுதாவிட்டால், வீட்டுக்காரர் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையைக் கேட்கலாம். அதனால் உங்களுக்குள் ஒரு தனித் தாள் எழுதிக்கொள்ளுங்கள்: யார் எவ்வளவு அட்வான்ஸ் போட்டார், நடுவில் போகிறவர் எத்தனை மாதம் முன்பே சொல்ல வேண்டும், மாற்று ஆளைத் தேடுவது யார் பொறுப்பு. போனவர் இடத்தில் புது ஆளை வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சேர்த்தால் அது உள்வாடகை ஆகிவிடும்.

அட்வான்ஸ் பற்றிய வரியை இப்படி எழுதச் சொல்லுங்கள்: “முன்பணம் ரூபாய் 27,000-ஐ, வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள், பாக்கி இருந்தால் அதை மட்டும் கணக்குக் காட்டிக் கழித்துக்கொண்டு, வாடகைதாரர்களின் வங்கிக் கணக்குக்கு உரிமையாளர் திருப்பித் தருவார்.” வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே வழக்கம். பிடிப்பதாக இருந்தால் அந்தத் தொகையை இப்போதே எழுதுங்கள். கடைசி நாளில் அது இரட்டிப்பாகிவிடும்.

அவருடைய மூன்றாவது பயத்துக்கும் ஒரு வரி சேருங்கள். உரிமையாளர் குடும்பம் படைப்புக்கோ விசேஷத்துக்கோ வந்தால் எந்த அறை அவர்களுக்கு, ஆண்டில் அதிகபட்சம் எத்தனை நாள், எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று. தேர்வு நேரத்தில் இருபது உறவினர் வந்து இறங்கினால் யாருக்கும் படிப்பு ஓடாது.

குடியேறும் நாளும் அதற்குப் பிறகும்

சாமான் இறக்கும் முன் எல்லா அறையையும் கைப்பேசியில் வீடியோ எடுத்து, மீட்டர் எண்ணைப் படம் பிடித்து, இரண்டையும் அன்றே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். உடைந்த ஜன்னல் கொக்கி, ஓடாத மின்விசிறி எல்லாம் அதில் தெரிய வேண்டும். எத்தனை சாவி வாங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

வாடகையை ஒரே தேதியில், ஒரே கணக்கிலிருந்து, ‘ஜூலை வாடகை’ என்று குறிப்போடு அனுப்புங்கள். ரொக்கமாகக் கேட்டால் ரசீது கேட்பது உங்கள் உரிமை. சண்டை வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

காலி செய்வதை ஒப்பந்தத்தில் எழுதிய கால அளவுக்கு முன்பே எழுத்தில் தெரிவியுங்கள். “கடைசி இரண்டு மாத வாடகையை அட்வான்ஸில் கழிச்சுக்கோங்க” என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அவர் ஒத்துக்கொண்டால் எழுதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், காலி செய்யும் நாள் மீட்டர் எண்ணைப் படமெடுத்து அதுவரையான தொகையை அங்கேயே கட்டி முடியுங்கள். இல்லையென்றால், “பில் வரட்டும்” என்ற பேரில் அட்வான்ஸ் தங்கிவிடும். வெறும் வீட்டை மறுபடி வீடியோ எடுத்து, சாவியைக் கொடுத்து, ‘சாவி பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியோடு வாங்குங்கள். அட்வான்ஸுக்கான ஒரு மாதக் கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.